ஆர்க்கேஞ்சல்: பாம்பன் கரையில் பத்து வருடத்துக்கு மேல் கேட்ட அனுபவம்

மைக்செட் தொழிலில் இருக்கிறவனுக்குப் பாட்டும் ஒரு கருவிதான். பாக்ஸ் அடுக்கி முடித்ததும் எதைப் போட்டுச் சரிபார்ப்பது, ராத்திரி சாமான் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது எதைக் கேட்பது, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு காதில் எதை மாட்டுவது என்று கேட்டால் மூன்றுக்கும் என்னிடம் பல வருடமாக ஒரே பதில்தான். பரியல் என்ற பெயரில் இயங்கும் லண்டன்காரர் ஒருவர் செய்த ‘ஆர்க்கேஞ்சல்’. ஏறத்தாழ நாலு நிமிடம் ஓடும். வெளிவந்தது 2007இல். என் கைக்கு வந்தது அதற்கு வெகுநாள் கழித்து, துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த கீழக்கரை நண்பன் ஒருவனின் மெமரி கார்டு வழியாக. புதுப் பாட்டு வந்த அன்றே கருத்துச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு பாட்டோடு இவ்வளவு காலம் பழகினால் அதில் என்ன தேய்கிறது, என்ன நிற்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுகிறேன். தெற்கு லண்டனில் கிராய்டன் என்ற பகுதியைச் சுற்றி, 2000ஐ ஒட்டிய வருடங்களில் டப்ஸ்டெப் என்ற பேஸ் இசை, அதாவது அடியில் அதிரும் கனத்த ஓசையை முன்னால் வைக்கும் இசை, உருவானது. அதற்கு முன் அங்கே ஓடிக்கொண்டிருந்த கராஜ் என்ற நடன இசையிலிருந்து கிளம்பியவர்கள், பாடலையும் பளபளப்பையும் குறைத்துவிட்டு பேஸை இன்னும் கீழே இறக்கினார்கள். நிமிடத்துக்கு 140 தட்டை ஒட்டிய வேகம், ஆனால் கேட்கும்போது பாதி வேகத்தில் போவதுபோல நிதானமாக இருக்கும். இதற்கெல்லாம் வேர் ஜமைக்காவில் இருக்கிறது. கிங்ஸ்டன் தெருக்களில் 1950களிலேயே பெரிய பெரிய பாக்ஸ்களை அடுக்கி, ரெக்கார்டு போட்டு, மைக் பிடித்துப் பேசி ஜனங்களை ஆடவைக்கும் சவுண்ட் சிஸ்டம் வழக்கம் இருந்தது. அங்கிருந்து லண்டனுக்குக் குடியேறியவர்களோடு அதுவும் போனது. யார் செட்டில் பேஸ் அதிகம் என்று அவர்களுக்குள் நடந்த போட்டியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அது கொஞ்சமும் அந்நியமாகத் தெரியவில்லை. ஏர்வாடி சந்தனக்கூடு, தங்கச்சிமடம் தேர்பவனி, கிராமத்து முளைப்பாரி என எந்த விசேஷமானாலும், இரண்டு செட்டுக்காரர்கள் எதிரெதிரே நின்றுவிட்டால் எங்கள் பக்கமும் அதேதான் நடக்கும்.

இந்த பரியல் யார் என்று ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாது. ஹைப்பர்டப் என்ற சின்ன லண்டன் நிறுவனம் 2006இல் அவருடைய முதல் தொகுப்பை வெளியிட்டது. அடுத்த வருடம் நவம்பரில் ‘அன்ட்ரூ’ வந்தது. அதில் இரண்டாவதாக வருவதுதான் ஆர்க்கேஞ்சல். புகைப்படம் கிடையாது, மேடை நிகழ்ச்சி கிடையாது, பேட்டிகூட அபூர்வம். 2008இல் பிரிட்டனில் வருடத்தின் சிறந்த தொகுப்புக்குக் கொடுக்கும் மெர்குரி விருதுக்கான இறுதிப் பட்டியலில் தொகுப்பு இடம்பிடித்ததும் பத்திரிகைக்காரர்கள் தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஏற்கெனவே பேர்பெற்ற வேறு இசைக்காரர் யாரோதான் ஒளிந்துகொண்டு செய்கிறார் என்றுகூட வதந்தி கிளம்பியது. அந்த ஆகஸ்டில் அவரே தன் படம் ஒன்றைப் போட்டு, என் பெயர் வில் பெவன், நான் சாதாரண ஆள், பாட்டு செய்வது மட்டும்தான் எனக்கு வேண்டும் என்கிற மாதிரி சொல்லிவிட்டு மறுபடியும் ஒதுங்கிக்கொண்டார். அதன் பிறகு சின்னச் சின்னத் தொகுப்புகளாக வந்துகொண்டே இருக்கின்றன. ஆளை மட்டும் மேடையில் பார்க்க முடியாது.

எனக்கு இந்த மறைவு பிடித்திருக்கிறது. அதற்கு எங்கள் கடற்கரையிலேயே காரணம் இருக்கிறது. கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டை யார் கட்டினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்திருக்கும் அத்தனை பேரும் ஏலேலோ போட்டு இழுப்பார்கள். இடையில் யாராவது ஒரு வரியைச் சேர்ப்பார்கள். பிடித்திருந்தால் அது நிற்கும், இல்லையென்றால் அடுத்த இழுப்பில் போய்விடும். பாட்டுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லாததால் இழுக்கிற எல்லோருக்கும் அது சொந்தம். பரியல் தன் முகத்தைக் காட்டாததும் எனக்கு அப்படித்தான் வேலை செய்தது. அவர் எப்படி இருப்பார், என்ன உடுத்துவார், யாரோடு சுற்றுவார் என்று ஒன்றுமே தெரியாததால் அந்த நாலு நிமிடத்தில் எனக்கு நிறைய இடம் கிடைத்தது. முதலில் கேட்ட காலத்தில் எனக்கு லண்டன் ஞாபகம் வரவே இல்லை. ராத்திரிக் கடலும், தூரத்தில் போகிற போட்டும்தான் வந்தன.

சரி, கருவி விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பாட்டு எதில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு பாட்டாக மாறும். அதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் யாருக்காவது அனுப்பினால் போனில் அப்படியே போட்டுக் கேட்டுவிட்டு, “என்னண்ணே, ஒண்ணுமே இல்லையே இதுல” என்று திரும்பி வருகிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். போன் ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் சரியாகத் தராது. இந்த வகை இசையின் அடிபேஸ் 40 முதல் 60 ஹெர்ட்ஸ் பக்கம் உட்கார்ந்திருக்கும். சாதாரண சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டார் இருந்தால் அதன் மேல் ஸ்வரங்களைக் கேட்டு அடியில் இருப்பதை மூளையே ஊகித்துக்கொள்ளும். இதில் அடிபேஸ் மிகவும் சுத்தமாக, மேல் ஸ்வரங்கள் குறைவாக இருப்பதால் ஊகிக்கக்கூட ஒன்றும் கிடைக்காது. போனில் தடயமே இல்லாமல் காணாமல் போய்விடும். மிஞ்சுவது தட்டலும் கரகரப்பும் ஒரு குரலும்.

குழாயில் போட்டால் வேறு கதை. கூம்பு ஒலிபெருக்கி பேச்சுக்கென்று செய்தது. பேஸை அது தொடாது, குரலை மட்டும் பிடித்துக்கொண்டு தூரம் போகும். சித்தப்பாவின் செட்டில் இன்னும் பழைய குழாய்கள் சில இருக்கின்றன. ஒரு மத்தியானம், சோதனைக்காக மண்டபம் பக்கம் ஒரு திடலில் குழாயைக் கட்டிவிட்டு இதைப் போட்டேன். தாளம் காற்றில் சிதறிப்போனது. குரல் மட்டும் திடலைத் தாண்டி, கருவைக்காட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பாட்டை உருவாக்கியவர் இப்படிக் கேட்பார்கள் என்று நினைத்திருக்கவே மாட்டார். இருந்தாலும் அந்தக் குரலை அவ்வளவு தனியாக நான் வேறு எதிலும் கேட்டதில்லை. எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். குழாய் கையில் இருக்கிறவர்கள் ஒரு தடவை செய்து பாருங்கள்.

பதினெட்டு இஞ்ச் பேஸ் பாக்ஸில்தான் பாட்டு முழுசாக எழுந்து நிற்கும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் காற்றில் கிட்டத்தட்ட ஏழு மீட்டர். பத்துக்குப் பத்து அறைக்குள், அதுவும் டைல்ஸ் போட்ட கான்கிரீட் வீட்டில் அது சுவருக்குச் சுவர் மோதி ஒரு மூலையில் குவியும், நடு அறையில் செத்துப்போகும். நாற்காலியை இரண்டு அடி நகர்த்தினால் பாட்டே மாறிவிடும். திறந்த வெளியில் அந்தத் தொல்லை கிடையாது. கடற்கரை மணலில், மோத ஒரு சுவரும் இல்லாத இடத்தில், இரண்டு பேஸ் பாக்ஸைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்து மிதமான சத்தத்தில் ஓடவிட்டால் பேஸ் சுத்தமாக வந்து நெஞ்சுக்கூட்டில் உட்காரும். காது வலிக்காது. பக்கத்தில் நிற்பவரோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டே கேட்கலாம். சத்தத்தைக் கூட்டினால் இதன் குணம் போய்விடும் என்பது என் அனுபவம். எங்கள் தொழிலில் இப்படிச் சொல்கிறவர்கள் குறைவு, ஆனாலும் சொல்கிறேன்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000இலிருந்தே மத்திய அரசின் ஒலி மாசு விதி. அதனால் பெரிய பாக்ஸில் இதைச் சாயங்காலத்தில்தான் கேட்க முடிந்திருக்கிறது. பாட்டோ ராத்திரிக்கென்றே செய்தது. இந்த இரண்டும் ஒன்றாகக் கூடி வராதது எனக்கு இன்றும் ஒரு குறைதான்.

கரகரப்பைப் பற்றிக் கேட்காதவர்களே கிடையாது. பாட்டு முழுக்க பழைய இசைத்தட்டு தேய்வதுபோலவும் மழை விழுவதுபோலவும் ஒரு சரசரப்பு ஓடிக்கொண்டே இருக்கும். வேண்டுமென்றே போட்டது. சித்தப்பா கடையில் மூத்த ஆப்பரேட்டர் அண்ணன் ஒருவர் இருந்தார். நான் இதைப் போட்ட முதல் நாள் மிக்ஸர் பின்னால் குனிந்து ஒவ்வொரு வயராக ஆட்டிப் பார்த்தார். “டேய், பின்னு லூசாயிருக்கு, துடைச்சுப் போடு” என்றார். துடைத்துப் போட்டேன். அப்போதும் அதே சத்தம் வந்தது. அப்புறம்தான் பாக்ஸ் முன்னால் வந்து உட்கார்ந்து காது கொடுத்தார். “பாட்டுக்குள்ளயே இருக்கா? எதுக்கு?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். கரகரப்பு ஒரு திரை. அதற்குப் பின்னால் இருக்கும் குரலும் வயலின்போல இழையும் ஓசையும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதைத் திரைதான் காட்டிக்கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் எல்லாம் முன்னால் வந்து நின்றுவிடும், ஆழம் போய்விடும். அண்ணன் பிறகு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். போகும்முன் இந்தப் பாட்டைத் தன் போனில் ஏற்றிக்கொண்டுதான் போனார்.

தொழிலில் இது எனக்கு எப்படிப் பயன்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செட்டுக்காரர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கு உதவும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத இடத்தில், அல்லது ஜெனரேட்டரில் ஓட்டும்போது, ஆம்ப்ளிஃபையரில் ஊஊ என்று ஒரு இரைச்சல் வரும். அது 50இலும் 100இலும்தான் உட்காரும். இடைவெளி இல்லாமல் டமடமவென்று ஓடும் குத்துப்பாட்டைப் போட்டுச் சரிபார்த்தால் அந்த இரைச்சல் பாட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். விசேஷம் ஆரம்பித்து யாராவது மைக் பிடித்துப் பேச வந்ததும் வெளியே வந்து மானத்தை வாங்கும். ஆர்க்கேஞ்சலில் பேஸ் வந்து போகும், நடுவில் வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடத்தில் இரைச்சல் இருந்தால் உடனே தெரியும். அப்புறம் கிராஸ்ஓவர். ஓசையை பேஸ் பாக்ஸுக்கும், அதற்கு மேல் உள்ளதைத் தரும் டாப் பாக்ஸுக்கும் பிரிக்கும் இடத்தைத் தப்பாக வைத்திருந்தால் இதன் குரல் மூக்கடைத்தது மாதிரி வரும். உச்ச ஓசையைத் தரும் குட்டி ஸ்பீக்கரான ட்விட்டர் ஒன்று செத்திருந்தால் கரகரப்பு ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருக்கும். நாலு நிமிடத்தில் மூன்று நோய்க்கும் வைத்தியம் பார்த்துவிடலாம். இந்த வேலைக்கு இதைவிட நல்ல பாட்டு எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இதன் தாளத்தில் எனக்கு நாளுக்கு நாள் மரியாதை கூடிக்கொண்டுதான் போகிறது. வழக்கமாகக் கணினியில் இசை செய்கிறவர்கள் சீக்வென்சர் வைத்திருப்பார்கள். அது கட்டம் போட்டுக் கொடுக்கும், ஒவ்வொரு தட்டும் கட்டத்துக்குள் பிசகாமல் உட்காரும். பரியல் சவுண்ட் ஃபோர்ஜ் என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருளில்தான் செய்தார். அதில் கட்டம் போட்டு உதவும் சீக்வென்சர் கிடையாது. திரையில் அலையைப் பார்த்துக் கையால் ஒட்ட வேண்டும். தட்டல்கள் திரையில் நல்ல மீன்முள் மாதிரித் தெரிந்தால் அது சரியாக வந்திருக்கிறது என்று தனக்குத் தெரியும் என அவர் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். இதைப் படித்த அன்று நான் சந்தோஷத்தில் குதிக்காத குறை. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து, பேஸை ஃபில்டர் போட்டு எடுத்துவிட்டுப் பார்த்தேன். நடுவில் ஒரு கோடு, அதிலிருந்து மேலும் கீழும் மெல்லிசாகக் குத்திட்டு நிற்கும் தட்டல்கள், ஒன்று உயரம், அடுத்தது குட்டை, இடைவெளி எதுவும் ஒரே அளவில்லை. அன்று கடையில் உட்கார்ந்திருந்த பாம்பன் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி இது?”

“பாட்டுதான் மாமா. பாட்டோட படம்.”

“காரப்பொடி மீன தின்னுட்டுப் போட்ட மாதிரி இருக்கு. முள்ளு எல்லாம் நல்லா பிரிஞ்சு தெரியுது.”

நான் மீன்முள் பேட்டியைப் பற்றி அவரிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

கட்டம் இல்லாததால்தான் இந்தத் தாளம் எனக்குச் சலிக்கவில்லை என்று நினைக்கிறேன். கராஜ் இசையிலிருந்து வந்த நடை இது, எல்லா எண்ணிக்கையிலும் அடி விழாது. எதிர்பார்க்கிற இடத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி விழும். கை வைத்து ஒட்டியதால் அந்தத் தள்ளலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மயிரிழை வித்தியாசப்படும். நல்ல உறுமிக்காரர் வாசித்தால் இந்தத் தள்ளாட்டம் வரும். மெஷினில் அடித்தால் வராது. நானும் முதல் சில வருடம் கால் தட்டிப் பார்த்திருக்கிறேன். இன்றும் இரண்டாவது நிமிடத்துக்கு மேல் கால் எங்கேயாவது ஒரு இடத்தில் வழுக்கிவிடும்.

குரலைப் பற்றி. அது ரே ஜே என்ற அமெரிக்கப் பாடகர் 2005இல் பாடிய ‘ஒன் விஷ்’ என்ற காதல் பாட்டிலிருந்து நறுக்கி எடுத்தது. நறுக்கிய துண்டுகளின் சுருதியை ஏற்றியும் இறக்கியும், வரிசையை மாற்றியும் வேறு ஒரு மெட்டாகவே பின்னியிருக்கிறார். பாடியவர் ஆண்தான். ஆனால் சில சொற்களில் பெண்ணாகவும், சில சொற்களில் பையனாகவும் ஒலிக்கும். தனியாக இருக்க முடியவில்லை என்பதைத்தான் அந்தக் குரல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆங்கிலம் சரளமாகத் தெரியாதவர்களுக்கும் அது போய்ச் சேர்கிறது என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி உண்டு. அப்பத்தா இருந்த காலத்தில் ஒரு நாள் திண்ணையில் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து வந்து, “யாருய்யா அழுவுறது?” என்று கேட்டது. வெளிநாட்டுப் பாட்டு என்றேன். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, “பொம்பளையாட்டமும் இருக்கு, ஆம்பளையாட்டமும் இருக்கு. யாரைப் பறிகொடுத்துச்சோ” என்றது. எங்கள் தெருவில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் ஒப்பாரிக்கு அப்பத்தாவைத்தான் கூப்பிடுவார்கள். அழுகையில் எது நிஜம், எது ஒப்புக்கு என்று அதற்குத் தெரியும். எந்த இசைப் பத்திரிகை கொடுத்த மதிப்பெண்ணையும்விட அந்த ஒரு வரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

பயணத்தில் கேட்பதற்கு என்று ஒரு இடம் இருக்கிறது. மண்டபத்தில் வேலை முடித்து, குட்டியானையில் பாக்ஸ் ஏற்றி, பாம்பன் சாலைப் பாலம் வழியாக ராத்திரியில் திரும்புவது. 1988இல் திறந்த இந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். காற்றுக்குப் பயந்து நிதானமாக ஓட்டினால் பாட்டும் பாலமும் ஏறத்தாழ ஒன்றாக முடியும். பாலத்தின் இணைப்புகளில் டயர் ஏறி இறங்கும்போது வரும் தடக் தடக் சத்தம் தாளத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் போகும். கீழே ஒரு பக்கம் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் தூக்குப் பாலம். வண்டி ஸ்பீக்கரில் அடிபேஸ் வராது என்பது தெரிந்ததுதான். ஆனால் பல வருடம் கேட்டதில் பேஸ் எங்கே வரும் என்பது உடம்புக்குத் தெரிந்துவிட்டது. இன்ஜின் அதிர்வே அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது.

பருவத்துக்குப் பருவமும் இது மாறுகிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வெளியில் கேட்க முயற்சி செய்யாதீர்கள். பனைமட்டை இரைச்சலும் மணலும் சேர்ந்து கரகரப்பை விழுங்கிவிடும், பாட்டில் பாதி போய்விடும். வாடைக் காலத்தில், கார்த்திகை மார்கழியில் மழை ஓய்ந்த ராத்திரிகள்தான் இதற்குச் சரியான நேரம். கூரை இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும்போது எந்தச் சொட்டு பாட்டுக்குள் விழுகிறது, எது வாசலில் விழுகிறது என்று பிரிக்க முடியாது. எனக்கு இன்னொரு காலமும் பிடிக்கும், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும். மற்ற மாதங்களில் கடலில் எப்போதும் டீசல் இன்ஜின் சத்தம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், நமக்குப் பழகிப்போனதால் தெரியாது. அது நின்ற பிறகுதான் ராத்திரி எவ்வளவு காலியாக இருக்கிறது என்று தெரியும். அந்தச் சமயத்தில் ஹெட்போனில் இந்தப் பாட்டைக் கேட்டால், அது வரை தெரியாமல் இருந்த பின்னணி ஓசைகள் எல்லாம் மேலே வரும். தூரத்தில் யாரோ ஏதோ சொல்வது, உலோகம் எதன்மேலோ உரசுவது. வீடியோ கேம்களிலிருந்து எடுத்த ஓசைகளும் இவர் பாட்டுகளில் இருக்கும் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. எது எங்கிருந்து வந்தது என்று பட்டியல் போட எனக்கு ஆசை இல்லை.

கருவிப் பராமரிப்பு பற்றி இந்தக் கரையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் சில சொற்கள். உப்புக்காற்றில் ஹெட்போன் பின்னும் பாக்ஸ் டெர்மினலும் பச்சைக் களிம்பு பூத்துவிடும். சாதாரணப் பாட்டில் அதனால் வரும் கரகரப்பு உடனே காதில் பட்டுவிடும். இதில் படாது, ஏற்கெனவே கரகரப்பு இருப்பதால். ஆகவே மாதம் ஒரு முறையாவது துடைத்துவிடுங்கள். நுரை விளிம்பு வைத்த பேஸ் ஸ்பீக்கர் எங்கள் பக்கம் சீக்கிரம் பொடிந்துவிடும், ரப்பர் விளிம்பு வாங்குவது நல்லது. ப்ளூடூத் பெட்டி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பல பெட்டிகள் சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கரைக் காப்பாற்ற பேஸைத் தானாகவே குறைத்துவிடும். இந்தப் பாட்டை அவற்றில் பாதி சத்தத்துக்கு மேல் வைத்தால் அடிபேஸ் மெலிந்துபோகும்.

கோப்பின் தரமும் முக்கியம். நண்பனின் மெமரி கார்டில் இருந்தது நசுக்கிய 128 எம்பி3. அதில் பேஸ் பரவாயில்லை, கரகரப்புதான் கெட்டுப்போயிருந்தது. சரசரப்பு மாதிரி ஒழுங்கில்லாத ஓசைகளைச் சுருக்குவது அந்த முறைக்குக் கஷ்டம், தண்ணீருக்குள் கொப்பளிப்பதுபோல ஆக்கிவிடும். பிறகு காசு கொடுத்து நல்ல கோப்பு வாங்கினேன். அன்றுதான் இந்தப் பாட்டை முதல் தடவையாகக் கேட்டேன் என்றுகூடச் சொல்லலாம். திரை விலகாமலே திரைக்குப் பின்னால் இருந்த ஆழம் கூடிவிட்டது.

குறைகள் உண்டா? உண்டு. பாட்டு முடிகிற விதம் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. இன்னும் ஒரு நிமிடம் பேஸை அப்படியே நடக்கவிட்டிருக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது. விசேஷ வீட்டில் போட முடியாது. போட்டால் பையன்கள் வந்து, “அண்ணே, எப்ப குத்து வரும்?” என்று கேட்பார்கள். வராது. பிற்பாடு டப்ஸ்டெப் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவிய, இரும்பை அறுக்கிற மாதிரி பேஸ் வைத்த பாட்டுகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். மனசு சரியில்லாத நாளில் இது கையைப் பிடித்து மேலே தூக்காது, பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். சிலருக்கு அது போதாது. என் மனைவிக்குப் போதாது. “இதை விட்டுட்டு வேற ஏதாச்சும் போடுங்க” என்று சொல்லாத வாரம் இல்லை.

தேய்ந்தது என்று சொன்னால் முதல் தடவை கிடைத்த அந்தத் திகைப்பு மட்டும்தான் தேய்ந்தது. அந்தக் குரல் எப்போது வரும், பேஸ் எந்த இடத்தில் விலகும் என்பதெல்லாம் இப்போது மனப்பாடம். தாளமும் தூரமும் தேயவே இல்லை. ஆர்க்கேஞ்சல் பிடித்துவிட்டால் ‘அன்ட்ரூ’ முழுவதையும் வரிசை மாற்றாமல் கேளுங்கள். அதற்குப் பிறகு 2012இல் வந்த ‘கிண்ட்ரெட்’. அதில் பாட்டுகள் நீளம், எனக்கு முடிவில் இருக்கும் குறையும் அதில் இல்லை. 2022இல் வந்த ‘ஆன்டிடான்’ தொகுப்பில் தாளம் அநேகமாகக் கிடையாது. அதை முதலில் எடுத்தால் பயந்துவிடுவீர்கள், கடைசியாக எடுங்கள்.

நல்ல ஹெட்போன் இல்லாதவர்கள் போனில் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். உங்கள் ஊரில் பேஸ் பாக்ஸ் வைத்திருக்கும் செட்டுக்காரர் யாரையாவது, வேலை இல்லாத ஒரு சாயங்காலம், ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். கட்டாயம் போட்டுக் காட்டுவார். தங்கச்சிமடம் பக்கம் வருகிறவர்களுக்கு நானே போட்டுக் காட்டுகிறேன். திருவிழா சீசனில் மட்டும் வராதீர்கள், பாக்ஸ் எல்லாம் வெளியே போயிருக்கும்.